சிங்ஞோராவின் ரூலோத்தில் ஒரு பல்லி

1

போன கிழமை சிங்ஞோரா தொலைபேசியில் கூப்பிட்டு, ரூலோத்தை விற்றுவிட்டதாகச் சொன்னார். வாங்கியவர் வந்து இழுத்துக்கொண்டு போவதற்கு முன் நான் போய் அதைக் கழுவித் துடைத்துவிட வேண்டுமாம். கூரையில் ஏதோ ஒன்று விட்டுவிட்டுக் கீச்சிடுகிறதாம், அதையும் பார்க்க வேண்டுமாம். "அது உனக்குப் பழக்கமான சத்தந்தானே" என்று கடைசியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்தார்.

அந்தக் கடைசி வார்த்தை என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது. எனக்குப் பழக்கமான சத்தம் என்று இவருக்கு யார் சொன்னது? ஐந்து வருடத்துக்கு முந்திய சங்கதி அது. என் மனைவி பவளத்துக்கே நான் சொன்னதில்லை. சிங்ஞோரா நான் வேலை செய்யும் வீட்டுக்காரி. அவருடைய சட்டைகளை மினுக்குவேன், நாயைக் குளிப்பாட்டுவேன், யன்னல் துடைப்பேன். என் வீட்டுக் கதையை அவரிடம் சொன்னதாக ஞாபகம் இல்லை. இந்த ஊரில் ஒருவர் பேச்சோடு பேச்சாக ஒன்றைச் சொன்னால் அதைத்தான் கவனிக்க வேண்டும் என்பது என் அனுபவம்.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு ரூலோத் என்றால் விளங்காது. காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துச் செல்லும் சில்லு வைத்த வீடு. படுக்கை, குசினி, மேசை, அலுமாரி எல்லாம் உள்ளே உண்டு. ஆனால் ஒருவர் எழுந்து நின்றால் மற்றவர் உட்கார வேண்டும். வெள்ளைக்காரர் விடுமுறைக்கு அதில் போய் ஒரு கிழமை இருந்துவிட்டு, இயற்கையோடு வாழ்ந்தோம் என்பார்கள். நாங்கள் அதில் ஒரு குளிர்காலம் முழுக்க இருந்தோம்.

2

தொண்ணூற்றுமூன்றாம் ஆண்டு. அப்போது நானும் பவளமும் பதின்மூன்று வயது மகள் தர்சினியும் இத்தாலியில் பலெர்மோ நகரத்துப் பல்லரோ சந்தைக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் ஒற்றை அறையில் இருந்தோம். ஐப்பசி மழையில் ஒரு நாள் கூரைச் சாந்து பெயர்ந்து படுக்கையில் விழுந்தது. நல்லகாலம், மூவரும் வெளியே போயிருந்தோம். வீட்டுக்காரர் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, நாங்கள் அவிக்கும் புட்டின் ஆவிதான் காரணம் என்றார். இருநூறு வருடமாக நின்ற கட்டிடத்தைப் பவளத்தின் நீத்துப்பெட்டி விழுத்திவிட்டதாம்.

இதைக் கேள்விப்பட்ட சிங்ஞோரா, "திருத்தி முடியும்வரை என் ரூலோத்தில் இருங்கள். வாடகை வேண்டாம்" என்றார். ஸ்ஃபெர்ராகவால்லோவில் கடலோரமாக ஒரு கூடார முகாம் இருக்கிறது. கோடையில் ஆட்களால் நிறைந்து வழியும். குளிர்காலத்தில் காவலாளி பெப்பேயும் இரண்டு பூனைகளும் மட்டுந்தான். அங்கேதான் அவருடைய ரூலோத் நின்றது. காலமான அவர் கணவர் ஒரு ஜெர்மன்காரரிடம் வாங்கியது.

வாடகை வேண்டாம் என்றதும் பவளத்துக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குச் சந்தேகம் பிடித்துவிட்டது. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதையைப் படித்துத்தானே வளர்ந்தோம்! சிங்ஞோரா ஒரேயொரு நிபந்தனை வைத்தார்: உள்ளே புகை கூடாது. சாம்பிராணி, கற்பூரம், மிளகாய் வறுக்கிறது எல்லாம் வெளியே. சாம்பிராணி என்ற சங்கதி இவருக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசித்தேன். பவளம் வியாழக்கிழமைகளில் அவர் வீட்டுக்கு உதவிக்குப் போகிறவள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து எங்கள் பெர்மெஸ்ஸோ, அதுதான் வதிவிட அனுமதி, புதுப்பிக்கிற தவணையும் வந்தது. அது இல்லாவிட்டால் இந்த நாட்டில் நாங்கள் மூச்சு விடுவதும் களவுதான். குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் விடியவே வரிசையில் நின்றோம். எனக்குப் பாத்திரம் கழுவும் இத்தாலியன் வரும். கந்தோர் இத்தாலியன் வராது. வழக்கம்போலத் தர்சினிதான் கதைத்தாள். விலாசம் கேட்டார்கள், சொன்னாள். வீட்டு இலக்கம் கேட்டார்கள். இல்லை என்றாள். இலக்கம் இல்லாத வீடு உண்டா என்று அதிகாரி அதட்டினார். பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு, ரூலோத்தின் பின்னால் அடித்திருந்த வாகனத் தகட்டின் இலக்கத்தை ஒப்புவித்தாள். அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏசுகிற அதிகாரியை நம்பலாம், சிரிக்கிற அதிகாரியை நம்பக்கூடாது.

3

ரூலோத்தின் கூரையில், மேசைக்கு நேர் மேலே, சிரட்டையைக் கவிழ்த்தது போல ஒரு வெள்ளைப் பெட்டி ஒட்டியிருந்தது. அதில் ஒரு சின்னச் சிவப்பு வெளிச்சம் இடைக்கிடை மினுங்கும். முதல் நாளே அதைக் கண்டுவிட்டேன். ஓரத்தில் ஜெர்மன் மொழியில் ஏதோ பொறித்திருந்தது. தொடவில்லை. தெரியாத பொருளைத் தொடாதே என்பது யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு அரிவரியோடு சொல்லித்தந்த பாடம்.

பலெர்மோவிலும் அது மாஃபியாக்காரரின் குண்டு வெடித்து அடங்கிய காலம். சந்திக்குச் சந்தி துவக்கோடு பட்டாளத்துப் பையன்கள் நின்றார்கள். எந்தச் சந்தியை விட்டு ஓடிவந்தேனோ அதே சந்தி எனக்கு முன்னால் வந்து விமானத்தில் இறங்கி நிற்பது போல இருந்தது. அப்படிப்பட்ட ஊரில், சும்மா தந்த வீட்டில், கூரையில் கண் சிமிட்டும் ஒரு பெட்டி. சிங்ஞோரா எங்கள் பேச்சை ஒட்டுக் கேட்கிறாரோ? தமிழில் பேசினால் அவருக்கு என்ன விளங்கும் என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். அதற்கும் ஆள் வைத்திருக்கலாம் என்று நானே பதிலும் சொன்னேன். சில நாட்கள் மேசையில் இருந்து, பெட்டிக்குக் கேட்கும்படியாக, சிங்ஞோராவை இத்தாலியனில் புகழ்ந்து பேசினேன். பவளம் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

கார்த்திகையில் அது கத்தத் தொடங்கியது. ஒரேயொரு கீச்சுச் சத்தம். பிறகு நிசப்தம். மறந்துபோகிற நேரத்தில் மறுபடி ஒரு கீச்சு.

"பல்லி சொல்லுது" என்றாள் பவளம். சுட்டுவிரலை மடக்கி மேசையில் மூன்று முறை தட்டினாள். அவள் வீட்டு வழக்கம் அது. நாம் ஒன்றைச் சொன்ன கையோடு பல்லி சொன்னால் அது பலிக்கும். விரலால் தட்டி அதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

"குளிருக்குள்ளை இத்தாலியிலை என்ன பல்லியப்பா?" என்றேன்.

"ஏன், கழுவிற இடத்துச் சுவரிலை நான் கண்டனான். இஞ்சையும் பல்லி இருக்கு."

இருக்கிறதுதான். ஆனால் இத்தாலியப் பல்லி வாய் திறந்து நான் கேட்டதில்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி என்றொரு பழமொழி இருக்கிறதே, அதையும் சொல்லிப் பார்த்தேன். அவள் காதில் விழவில்லை. வெள்ளைப் பெட்டியில் இருந்துதான் சத்தம் வருகிறது என்று எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. சொன்னால் பயந்துவிடுவாள் என்று நான் வாயை மூடிக்கொண்டேன். தர்சினி மட்டும் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உஃபா!" என்றாள். சலிப்பு வந்தால் இந்த ஊர்ப் பிள்ளைகள் சொல்வது.

4

அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் மேசையில் ஒரே கதைதான்: தர்சினியை லண்டனுக்கு அனுப்புவதா, இல்லையா.

லண்டனில் பவளத்தின் பெரியக்கா இருக்கிறார். பிள்ளையை அனுப்பு, இங்கே இங்கிலீஷில் படிக்கட்டும் என்று கிழமைக்குக் கிழமை தொலைபேசியில் நச்சரித்தார். போகும் வழியையும் அவரே பேசி வைத்திருந்தார். ஆட்களைக் களவாக அனுப்புகிற ஏஜென்சிக்காரர் ஒருவர் தன் மகளின் கடவுச்சீட்டில், தன் மகளாகவே தர்சினியைக் கூட்டிக்கொண்டு போவாராம். ஒரு நாள் ரூலோத்துக்கே வந்து பிள்ளையைப் பார்த்தார். முகத்தை முன்னாலும் பக்கவாட்டிலும் பார்த்துவிட்டு, "காது மட்டுந்தான் வித்தியாசம். தலைமயிரை இழுத்து மூடிவிட்டாச் சரி" என்றார். மாடு பார்க்க வருகிறவனும் மாட்டைத் தடவியாவது கொடுப்பான்.

"இஞ்சை இருந்தா இவளும் என்னைப்போல ஆற்றையோ உடுப்புத் தோய்க்க வேண்டியதுதான்" என்பாள் பவளம். அதில் பொய்யில்லை. எனக்குத் தெரிந்த தமிழ்ப் பிள்ளைகளில் பலர், தாய் வேலை செய்த வீட்டிலேயே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அவன்ரை முகமே சரியில்லை" என்பேன் நான்.

"உங்களுக்கு ஆற்றை முகந்தான் சரி? என்ரை அக்கா எனக்குக் கெடுதி நினைப்பாவே? பிள்ளை அங்கை போனா நல்லா வரும்."

கீச்.

மேசையில் மூன்று தட்டு. "பாத்தியளே!"

ஒரு பிள்ளையை வேறொருவனின் மகளாக அனுப்பி வைத்தால் அவள் திரும்பவும் என் மகளாக வந்து சேர்வாள் என்பதற்கு யார் பிணை? இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு வரவில்லை. பவளமோ ஓயாமல் சொன்னாள், பல்லியும் ஓயாமல் ஆமோதித்தது. பேச்சு முழுக்க ஒருவருடையதாக இருந்தால் பல்லி வேறு யாருக்குச் சொல்லும்? ஒரு பின்னேரம் மலையேறிப்போய்ச் சாந்த ரொசாலியா மாதாவுக்கும் மெழுகுதிரி வைத்துவிட்டு வந்தாள். எந்தக் கதவைத் தட்டினாலும் கேட்டது லண்டனைத்தான்.

தை பிறந்ததும் பதில் சொல்வதாகப் பெரியக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

5

ஒரு வியாழக்கிழமை. இந்த நாட்டில் வீட்டு வேலைக்காரருக்கு வியாழன் பின்னேரம் ஓய்வு. பவளம் வழக்கம்போல எனக்குப் பதிலாகச் சிங்ஞோரா வீட்டில் நின்றாள், தர்சினி இன்னும் பள்ளிக்கூடத்தால் வரவில்லை. நான் தனியே மேசையில் இருந்து அந்தப் பெட்டியைப் பார்த்தேன். அது கீச்சிட்டது. என் மகளைப் பற்றி அது முடிவெடுப்பதை இனிமேலும் பொறுக்க முடியவில்லை. போய்க் காவலாளி பெப்பேயைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

பெப்பே சப்பாத்தோடேயே ஆசனத்தில் ஏறி, போத்தல் மூடியைத் திருகுவது போலப் பெட்டியைத் திருகிக் கழற்றினார். நான் கதவடியில் நின்றேன். உண்மையைச் சொன்னால் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே ஒரு சதுரப் பற்றறியும் ஒரு கறுப்பு வில்லையும் இருந்தன. அவ்வளவுதான்.

"ஃபூமோ" என்றார். புகை. பிறகு மூக்கைப் பொத்தி, நித்திரை கொள்வது போலவும் திடுக்கிட்டு எழுவது போலவும் நடித்துக் காட்டினார். நெருப்புப் பிடித்துப் புகை வந்தால் கத்தி எழுப்புகிற சாமான். ஜெர்மன்காரர் தன் பெண்டு பிள்ளைகளுக்காகப் பூட்டியது. பற்றறி களைத்துவிட்டது, அதனால் பசிக்கு அழுகிறது என்றார்.

ஒட்டுக் கேட்கிற காதென்று நான் நினைத்தது, நாங்கள் நித்திரை கொள்ளும்போது காவல் இருந்திருக்கிறது. சிங்ஞோரா ஏன் புகை கூடாது என்றார் என்பதும் அப்போதுதான் விளங்கியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஆனால் நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் பெப்பே அடுத்த வார்த்தையைச் சொன்னார்.

"உன் மகள் சொல்லவில்லையா? அவள் வந்து கேட்டு எவ்வளவு நாளாகிறது! புதுப் பற்றறி போடச் சொல்லி அனுப்பினேனே."

பெப்பே பெட்டியைப் பழையபடி திருகிப் பூட்டிவிட்டுப் போனார். நான் கடைத்தெருவுக்கு நடந்துபோய்ப் பற்றறி ஒன்று வாங்கினேன். வழி நெடுக ஒரே கேள்விதான். தெரிந்திருந்தும் இவள் ஏன் சொல்லவில்லை? ஒருவேளை பிள்ளைக்கே லண்டனுக்குப் போக விருப்பமோ? எங்களை விட்டுப் போகத்தான் பல்லியைக் கத்த விட்டிருக்கிறாளோ?

6

அன்று இரவு மூவரும் மேசையில் சாப்பிட இருந்தோம். புதுப் பற்றறி என் பொக்கற்றுக்குள். இதோ மாற்றிவிடுகிறேன் என்று எழும்பப் போனவன் மகளின் வாயைப் பார்த்தேன். உதடு அசைந்துகொண்டிருந்தது.

"கண்டனீங்களே?" என்று பவளம் என் காதுக்குள் சொன்னாள். "ஒரு கிழமையாத் தேவாரம் பாடுறாள். பிள்ளைக்குப் பக்தி வந்திட்டுது."

தேவாரம் பாடச் சொன்னால் தலையிடிக்குது என்று ஓடுகிற பிள்ளை. எனக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? உற்றுக் கேட்டேன். பவளம் வெள்ளிக்கிழமைகளில் பாடி, இவளுக்கும் பாடமாக்கிக் கொடுத்த பாட்டுத்தான். கடைசி அடி முடிந்தது. தர்சினி பாணைப் பிய்த்துக்கொண்டு, யாருக்கோ சொல்வது போலச் சொன்னாள்.

"நான் உங்களோடை இஞ்சை இருந்தாத்தான் நல்லா வருவன்."

கீச்.

பவளத்தின் சுட்டுவிரல் மடங்கியது. மேசைக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மெல்ல மூன்று முறை தட்டியது.

தர்சினி பாணைக் கடித்துக்கொண்டு மறுபடி முணுமுணுக்கத் தொடங்கினாள். நானும் மனதுக்குள் கூடவே பாடினேன். கடைசி அடி முடிந்து ஒரு மூச்சு எடுக்கவும் கீச்சு வந்தது. ஒரு கீச்சுக்கும் அடுத்த கீச்சுக்கும் இடையில் சரியாக ஒரு தேவார நேரம். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் தாய் கண்டுபிடித்துவிடுவாள் என்று, தாய் சொல்லித்தந்த பாட்டையே மணிக்கூடாக்கி வைத்திருக்கிறாள்! தமிழ் மறக்கிறாள், ஊர்ப் பழக்கம் ஒன்றும் தெரியாது என்று நான் கவலைப்பட்ட பிள்ளை, பல்லியின் வாயை எடுத்துத் தன் பக்கம் வைத்துவிட்டாள்.

எனக்கு எழும்பி நின்று கத்த வேண்டும்போல இருந்தது. சந்தோஷத்தில்தான். போகப் பிள்ளைக்கு விருப்பமில்லை! பற்றறியைப் பொக்கற்றின் அடிக்குத் தள்ளிவிட்டு, "பல்லி இண்டைக்கு நல்லாச் சொல்லுது" என்றேன். தர்சினி என்னைச் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். நான் என் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டேன்.

தை முதல் ஞாயிறு. தொலைபேசிக் கூண்டுக்குள் பவளம், வெளியே நாங்கள் இருவரும். கண்ணாடிக்குள்ளால் அவள் குரல் கேட்டது. "நான் என்ன செய்ய, அக்கா? பல்லி விடுதில்லை." பல்லி சொல்லிவிட்டது என்று தன் கலியாணத்தையே தள்ளி வைத்தவர் பெரியக்கா. அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையை எடுக்கவில்லை.

மறுநாள் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்துப் பற்றறியை மாற்றினேன்.

"பல்லி எங்கையோ போட்டுது போல" என்றாள் பவளம்.

"ஓம். குளிர்தானே" என்றேன்.

7

இப்போது வியா மக்வேதா என்கிற பெரிய தெருவுக்குப் பின்னால் இலக்கமுள்ள ஒரு வீட்டில் இருக்கிறோம். தர்சினிக்குப் பதினெட்டு. பள்ளிக்கூடத்துக் கடைசிச் சோதனை எழுதப் போகிறாள். எங்களோடு தமிழில் தொடங்கி, பலெர்மோக்காரர் போல இழுத்து இழுத்து இத்தாலியனில் முடிப்பாள். நான் அறைக்குள் போனால் தொலைபேசியில் குரல் தாழ்கிறது. வடக்கே பொலோஞ்ஞா நகரத்தில் இருந்து தடித்த உறைகள் வருகின்றன. யாராவது பையனோ என்று எனக்கு யோசனை. தாயிடம் கேட்டால், "நீங்களே கேளுங்கோவன்" என்கிறாள்.

ரூலோத்தைக் கழுவப் போகிறேன் என்றதும் தர்சினி, "நானும் வாறன், அப்பா" என்றாள். கடைக்குக்கூட என்னோடு வராதவள். சந்தேகத்தோடுதான் கூட்டிக்கொண்டு போனேன்.

புறப்படுவதற்கு முன் பவளத்திடம் கேட்டேன். "சிங்ஞோராவுக்கு அந்தச் சத்தத்தைப்பற்றி நீயே சொன்னனீ?"

"எந்தச் சத்தம்?" என்றாள், வெங்காயத்தில் இருந்து கண்ணை எடுக்காமல்.

பேருந்தில் எனக்கு ஒன்று பொறி தட்டியது. குசினிக்குள் பல்லி கண்டால் விளக்குமாற்றோடு நிற்பவள் பவளம். அந்தக் குளிர்காலம் முழுக்க ஒருநாள்கூட அவள் அந்தப் பல்லியைத் தேடவில்லை. மூலைமுடுக்கெல்லாம் துடைப்பவள், கூரையில் மினுங்கிய பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. அக்காவுக்கு மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. பல்லி சொன்னது என்றால் அக்காவுக்கும் வாய் அடைத்துப்போகும். இனி யோசிக்கக்கூடாது என்று வெளியே கடலைப் பார்த்தேன்.

பெப்பே இப்போது இல்லை. ரூலோத் உப்புக்காற்றில் நிறம் மங்கி நின்றது. தரை, யன்னல், அலுமாரி எல்லாம் இருவரும் துடைத்து முடித்தோம். பெட்டி கீச்சிட்டுக்கொண்டே இருந்தது. நான் புதுப் பற்றறியை எடுத்துக்கொண்டு ஆசனத்தில் ஏறக் காலைத் தூக்கினேன்.

"பிறகு மாத்தலாம், அப்பா. முதல் இருங்கோ."

இருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். பெட்டி ஒருமுறை கீச்சிட்டது. அவள் உதடு அசையத் தொடங்கியது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எழும்பிப் பெட்டியைத் திருகிக் கழற்ற நேரம் இருந்தது. செய்யவில்லை. மனதுக்குள் நானும் கூடவே பாடினேன். நடுவில் ஓர் அடியை அவள் விட்டுவிட்டாள். ஐந்து வருடத்தில் மறந்துபோயிருக்க வேண்டும். நான் இன்னும் பாட்டுக்குள் நிற்க, அவள் முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பொலோஞ்ஞாவிலை சட்டம் படிக்கப் போறன், அப்பா. குவெஸ்தூராவிலை உங்களுக்காக எத்தினை தரம் கதைச்சனான்! இனி எல்லாருக்காகவும் கதைப்பன். ஆற்றையோ மகளா இல்லை. உங்கடை மகளாத்தான் போறன்."

அவள் அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். பெட்டி பேசவில்லை. அவள் முகம் வாடத் தொடங்கியது.

நான் சுட்டுவிரலை மடக்கி மேசையில் மூன்று முறை தட்டினேன்.

அதற்குப் பிறகுதான் பல்லி சொன்னது.